பூட்டிய வீட்டில் திருட்டு முயற்சி: புகாரை எழுதும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். பர்மாத் தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை உள்ளவரை அவற்றின்மேல் கண்ணும் இருக்கும். வந்தவர் வெறுங்கையோடு ஓடிவிட்டால் "திருட்டு முயற்சி நடந்தது" என்று மூன்று வரியில் புகார் கொடுத்துவிடுகிறார்கள். அது போதாது. செயல் எதுவரை போனது, எதனால் நின்றது என்ற இரண்டும்தான் வழக்கைத் தாங்கும்.

எண்ணத்துக்குத் தண்டனை கிடையாது. ஆயத்தத்துக்கும் பொதுவாகக் கிடையாது. கூட்டுக்கொள்ளைக்கான ஆயத்தம் போன்ற சில மட்டும் விலக்கு. முயற்சிக்கு, பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 62: அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சச் சிறையில் பாதிவரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குடியிருக்கும் வீட்டிலோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்திலோ திருட்டு என்றால் பிரிவு 305, 7 ஆண்டு வரை. அதன் முயற்சிக்கு மூன்றரை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததென்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 511.

ஆயத்தம் எங்கே முடிந்து முயற்சி எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். மால்கியத் சிங் வழக்கில், அனுமதியின்றி மாநிலத்துக்கு வெளியே நெல் கொண்டுபோன லாரி பஞ்சாப் எல்லைக்குள்ளேயே சமால்கா சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டது. மனம் மாறித் திரும்பியிருக்க இடமிருந்ததால் அது ஆயத்தம் மட்டுமே என்றது உச்ச நீதிமன்றம். அபயானந்த் மிஸ்ரா வழக்கில் (1961) பொய்ச் சான்றிதழோடு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்பியதே ஏமாற்றும் முயற்சி ஆனது. கடைசிக்கு முந்திய செயல்வரை வந்திருக்க வேண்டியதில்லை; ஆயத்தம் முடிந்தபின் குற்றத்தை நோக்கி ஓர் அடி வைத்திருந்தால் போதும்.

இதை உங்கள் வாசலில் பொருத்திப் பாருங்கள். கடப்பாரையோடு தெருவில் நின்றவர் ஆயத்தத்தில் இருக்கிறார். நிலைக்கும் கதவுக்கும் நடுவே கடப்பாரையைச் செருகி நெம்பியவர் முயற்சிக்கு வந்துவிட்டார். ஆகவே கடப்பாரையைத் தொடாதீர்கள். சிராய்ந்த மரத்தை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். உதிர்ந்த சிம்பைப் பெருக்கிவிட வேண்டாம். "காவலாளி டார்ச் அடித்ததும் ஓடினார்" என்று நேரத்தோடு எழுதுங்கள். தானாகத் திரும்பவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பெட்டகத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை என்றாலும் அது முயற்சிதான். காலிப் பெட்டி உதாரணத்தைச் சட்டமே தருகிறது.

அதிகம் நடக்கும் தவறு, முடிந்துபோன குற்றத்தை முயற்சி என்று குறைத்து எழுதுவது. பூட்டை உடைத்து, வீட்டின் உள்முற்றமான வளவுக்குள் நுழைந்திருந்தால் வீடு உடைத்தல் முழுமையாகிவிட்டது. இரவில், திருடும் நோக்கோடு என்றால் பிரிவு 331-இன்படி 14 ஆண்டுவரை போகும். தூணை அறுத்து நகர்த்தி முற்றத்தில் போட்டுவிட்டு ஓடியிருந்தாலும் திருட்டு முடிந்ததே. கட்டடத்தோடு ஒட்டியிருந்தவரை அது திருட்டுப் பொருளாகாது, பிரிந்த கணமே ஆகிவிடும்.

சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பவர் மின்னஞ்சலில் தகவல் அனுப்பலாம். 3 நாளுக்குள் கையொப்பமிட வேண்டும், அதனால் பயணத்தை முடிவுசெய்துகொண்டு அனுப்புங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம்.