மலைவீட்டில் மூங்கில் காகிதம் செய்யும் முறை

மூங்கில் காகிதத்தின் தரம் கழியை வெட்டும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. கிளையும் இலையும் விடவிருக்கும் இளங்கழியே சிறந்தது என்று 1637-இல் வெளிவந்த தம் தொழில்நூலில் சீன அறிஞர் சொங் யிங்சிங் எழுதியிருக்கிறார். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழையில்தான் மூங்கில் முளைவிடும் என்பதால், சீன நூலின் மாதக் கணக்கை விட்டுவிட்டுக் கழியைப் பார்த்து வெட்டுங்கள். கோத்தகிரிக்குக் கீழே குஞ்சப்பனைப் பக்கத்துத் தோட்டங்களில் கேட்டு வாங்கலாம். காட்டு மூங்கிலில் கை வைக்கக் கூடாது.

5 கிலோ கழியை முழ நீளத்துக்கு நறுக்கிப் பிளந்து, 100 நாள் தொட்டி நீரில் ஊறவிடுங்கள். பிறகு மரச்சுத்தியால் தட்டி அலசினால் பச்சைத் தோல் கழன்று நார் மட்டும் நிற்கும். அதைச் சுண்ணாம்புப் பாலில் தோய்த்து வேகவையுங்கள். சீனத்தில் 8 நாள் இரவு பகலாக எரித்தார்கள். இந்தச் சிறு அளவுக்கு நாளுக்கு 6 மணி நேரமாக 3 நாள் எனக்குப் போதுகிறது. சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும் என்பதால் எவர்சில்வர் அண்டாவே நல்லது; கையுறை கட்டாயம்.

நன்றாக அலசி உரலில் இடித்தபின், ஒரு சிட்டிகைக் கூழைக் கண்ணாடித் தம்ளர் நீரில் கலக்கி, சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பஞ்சு பிரிந்ததுபோல் மிதந்தால் பதம். முடிச்சுகள் தெரிந்தால் இன்னும் இடிக்க வேண்டும்.

கூழைக் கரைத்த தொட்டியில் வெண்டைக்காய் ஊறிய கொழகொழப்பான நீரைச் சேருங்கள். சீனத்தில் வெண்டையின் இனத்துச் செடி ஒன்றின் வேர்ப்பசையைச் சேர்ப்பார்கள். நார் சீராக மிதப்பதும், அடுக்கிய ஈரத்தாள்கள் பின்னர் பிரிந்து வருவதும் அதனால்தான். கொசுவலை இழுத்துக் கட்டிய சட்டத்தால் கூழை அள்ளி, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, பலகைக்கிடையே கல்லேற்றி நீரைப் பிழியுங்கள்.

உலர்த்துவதில்தான் முழுக் கவனமும் வேண்டும். மார்கழி மூடுபனியில் கொடியில் தொங்கவிட்ட என் முதல் அடுக்கு முழுவதும் பூசணம் பூத்து வீணாயிற்று. இரட்டைச் செங்கல் சுவருக்கிடையே தீ மூட்டி, அந்தச் சூட்டில் சீனர்கள் தாளை ஒட்டிக் காயவைத்ததன் அருமை அப்போதுதான் எனக்கு விளங்கியது. இப்போது விறகடுப்புக்குப் பின்னுள்ள வழவழப்பான சுவரில், மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுகிறேன்; ஓரம் தானாக எழும்பியதும் உரித்தெடுக்கலாம்.

இளமஞ்சள் நிறம் குறையன்று. நூல் அச்சிடவும் தூரிகை எழுத்துப் பயிலவும் சீனத்தில் பெரிதும் பயன்பட்ட மாவ்பியன் காகிதமும் அதே நிறந்தான். சுவரில் பதிந்திருந்த வழுவழுப்பான பக்கத்தில் எழுதுங்கள். மறுபக்கத்தில் மை கூடுதலாகப் பரவும்.