மணலில் இறங்கமுன் ரயர்க் காற்றைக் குறையுங்கள்

பிள்ளைகளோடு மணற்காட்டுப் பக்கம் ஜீப்பில் போய்க் கூடாரம் அடிக்கிற எண்ணம் இருந்தால், தார் ரோட்டை விட்டு இறங்கமுன் நாலு ரயரிலும் காற்றைக் குறைத்துவிடுங்கள். வழக்கமாகக் காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வைப்பவர்கள் 18 – 20 வரை இறக்கலாம்.

காற்றுக் குறைந்தால் ரயர் நிலத்தில் நீளமாகப் படியும். பாரம் பரவுவதால் சில்லு மணலைத் தோண்டாமல் மேலாலேயே உருளும். காற்று இறுக்கமாக இருக்கும்போது எவ்வளவு அக்சிலரேட்டரை மிதித்தாலும் சில்லு சுற்றிச் சுற்றிக் கிடங்குதான் வெட்டும். ஆழத் தாழ்ந்தபிறகு மண்வெட்டிதான் கதி. வால்வு ஊசியைச் சின்னக் குச்சியால் அமத்தி, இடைக்கிடை காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கிற வேலையைப் பதின்ம வயதுப் பிள்ளையிடம் விடுங்கள். போனையும் வைத்துவிட்டுச் செய்வார்கள். சரி, எல்லாப் பிள்ளைகளும் அல்ல.

15க்குக் கீழே மட்டும் போகவேண்டாம். வளைத்துத் திருப்பும்போது ரயர் றிம்மை விட்டுக் கழரலாம். கல்லுத் தரையிலும், பனை மட்டைக் கருக்கு கிடக்கிற வடலிகளுக்குள்ளும் இது சரிவராது. தளர்ந்த ரயரின் பக்கச்சுவர்தான் முதலில் கிழியும். கடல்நீரேரியோரச் சேற்றிலும் இதை நம்பி இறங்கவேண்டாம், அது வேறு விதமான புதைவு.

திரும்ப ரோட்டுக்கு ஏறியதும் ஓட்டத் தொடங்கமுன் காற்றடிக்கவேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் ரயர் சூடேறி வெடிக்கலாம். பன்னிரண்டு வோல்ற்றில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று வண்டியில் இல்லையென்றால் காற்றைத் திறக்கவே வேண்டாம்.