டேப்லெட்டா, மடிக்கணினியா? வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எந்த இயங்குதளம் சிறந்தது என்ற வாதம் வீட்டிலும் அலுவலகத்திலும் அடிக்கடி எழுகிறது. ஐபேடை ஒரு முறை சார்ஜ் செய்தால் நாள் முழுவதும் தாங்குகிறது என்பார் ஒருவர். விண்டோஸில் கிடைக்காத மென்பொருளே இல்லை என்பார் இன்னொருவர். மேக்புக்கின் திரையையும் விசைப்பலகையையும் விட்டு வேறெதற்கும் மாற மாட்டேன் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் உண்மையே. ஆனால் மூவரும் தத்தம் வேலையை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள், கேட்பவருடைய வேலை அங்கே பேச்சுக்கே வருவதில்லை. பல ஆண்டுகள் இக்கருவிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: உங்கள் வேலையில் பெரும்பகுதியை எல்லாக் கருவிகளும் நன்றாகவே செய்துவிடும், எஞ்சியிருக்கும் சிறு பகுதியில், ஒரு கருவியால் செய்யவே முடியாத வேலை எது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் முடிவு தானாகவே தெளிந்துவிடும்.

ஆகவே முதலில் ஒரு வாரத்துக்குக் குறிப்பெழுதுங்கள். எந்த வகைக் கோப்பைத் திறந்தீர்கள், எந்த மென்பொருளில் திறந்தீர்கள், கணினியில் எதைச் செருகினீர்கள், எங்கே உட்கார்ந்து வேலை செய்தீர்கள், அதே கருவியை வேறு யார் எடுத்தார்கள் என்ற ஐந்தும் அந்தக் குறிப்பில் இருந்தால் போதும். அதன் அடியில், மாதம் ஒரு முறையும் ஆண்டுக்கு ஒரு முறையும் மட்டும் வரும் வேலைகளைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்திருக்கிறேன். மடிக்கணினியை விட்டுவிட்டு, விசைப்பலகை உறையுடன் கூடிய ஒரு டேப்லெட்டுக்கு மாறிய மாதத்தில் கடிதம், மின்னஞ்சல், காணொலிக் கூட்டம் என எல்லாமே தடையின்றி நடந்தன. மாதக் கடைசியில் கணக்கு விரிதாளைத் திறந்தேன். எண்களும் வண்ணங்களும் கட்டங்களும் அப்படியே இருந்தன. மேலே, பதினான்கு தாள்களின் தொகையையும் ஒன்றாகத் திரட்டித் தரும் சாம்பல் நிறப் பொத்தானும் இருந்தது. தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. அன்றிரவு பதினான்கு தாள்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து கையால் கூட்டினேன்.

காரணம் எளிது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்தது விபிஏ என்ற நிரல்மொழியில் எழுதிய மேக்ரோ, அதாவது பல வேலைகளைத் தொடர்ச்சியாகத் தானே செய்யும் சிறு நிரல். எக்செல்லின் ஐபேட் பதிப்பிலும் ஆண்ட்ராய்டு பதிப்பிலும் உலாவியில் திறக்கும் பதிப்பிலும் இத்தகைய மேக்ரோக்கள் இயங்குவதில்லை. மேக் பதிப்பில் இயங்கும். ஆனால் விண்டோஸுக்கே உரிய ஆக்டிவ்எக்ஸ் வகைப் பொத்தான்களும் படிவங்களும் அங்கே வேலை செய்யாது. ஆக்சஸ் தரவுத்தளம் விண்டோஸுக்கு மட்டுமே உண்டு. ‘எக்செல் இருக்கிறதா?’ என்று விற்பவரிடம் கேட்டால் எல்லாக் கருவிகளுக்கும் ‘இருக்கிறது’ என்ற பதிலே கிடைக்கும். ‘என் கோப்பு இதில் முழுமையாக வேலை செய்யுமா?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி, அதற்கான விடை உங்கள் கோப்பைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

அடுத்து, செருகும் பொருள்களைப் பாருங்கள். மின் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன், பழைய ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், உரிமச் சாவியாகப் பயன்படும் டாங்கிள் ஆகியவற்றுக்கு உரிய டிரைவர், அதாவது அந்தப் பொருளும் கணினியும் பேசிக்கொள்ள உதவும் மென்பொருள், வேண்டும். ஐபேடிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் அத்தகைய டிரைவர்களை நாமாக நிறுவிக்கொள்ளப் பொதுவாக வழியில்லை. வைஃபை வழியாக அச்சிடும் புதிய பிரிண்டர் என்றால் சிக்கல் குறைவு; யூஎஸ்பி கம்பி வழியாக மட்டும் வேலை செய்யும் பழைய பிரிண்டர் என்றால் ஐபேடை நம்பி இருக்க முடியாது. அலுவலக வேலைக்கென வாங்குவதானால், நிறுவனத்தின் கணினிப் பிரிவு எந்தெந்தக் கருவிகளுக்கு இணைப்பு அனுமதி தருகிறது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸின் பெரும் பலம் அதன் பழமைதான். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய கணக்கு மென்பொருளும் பெரும்பாலும் இன்றைய விண்டோஸில் ஓடும், பழைய ஸ்கேனரும் ஏதாவது ஒரு வழியில் பேசும். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக நிறுவப்பட டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் உள்ள ப்ராசசரும் வேண்டும். பயன்படுத்திய மடிக்கணினியை மலிவாக வாங்க நினைப்பவர்கள் இதைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம் என்று மைக்ரோசாஃப்ட் குறிப்பிட்டாலும், உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தபடி காணொலிக் கூட்டத்தில் சேர்ந்தாலே அது திணறிவிடும். என் கருத்தில் 8 ஜிபிக்குக் குறைந்த எதையும் வேலைக்கு வாங்க வேண்டாம். ஐந்தாண்டு வைத்திருக்கும் எண்ணமிருந்தால் 16 ஜிபி.

இரண்டாவது, விண்டோஸ் என்ற பெயர் இருப்பதாலேயே எல்லாம் ஓடும் என்று பொருளில்லை. 2012-இல் வந்த சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட் பார்ப்பதற்கு விண்டோஸ் 8 போலவே இருந்தது. ஆனால் அது வழக்கமான இன்டெல் வகைச் சிப்பில் அன்றி, கைப்பேசிகளில் இருக்கும் ஆர்ம் வகைச் சிப்பில் இயங்கியதால், பழைய டெஸ்க்டாப் மென்பொருள்களை அதில் நிறுவவே முடியவில்லை. வாங்கியவர்களுக்கு அது பெரும் ஏமாற்றம். 2013 ஜூலையில் அதற்காக 90 கோடி டாலரை மைக்ரோசாஃப்ட் நட்டக் கணக்கில் எழுதியது. 2024-இல், அதே ஆர்ம் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்புகளுடன் வந்த மடிக்கணினிகளின் நிலை அப்படியன்று. பழைய மென்பொருள்களை மொழிமாற்றி ஓட்டும் ப்ரிஸம் என்ற அடுக்கு அவற்றில் இருக்கிறது, அன்றாட மென்பொருள்களில் பெரும்பாலானவை அதன் வழியே நன்றாக ஓடுகின்றன. ஆனால் அந்த அடுக்கு டிரைவர்களுக்கு உதவாது. அவை ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஸ்கேனரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்த பிறகே அத்தகைய கருவியை வாங்குங்கள்.

ஐபேட் பற்றிய வாதங்களில்தான் சூடு அதிகம். அது பொழுதுபோக்குப் பொருள் மட்டுமே என்பவர்கள் 2010-இல் வந்த முதல் ஐபேடை நினைத்துப் பேசுகிறார்கள். 2019-இல் ஐபேட்ஓஎஸ் தனி இயங்குதளமாகப் பிரிந்தபோது பென் டிரைவைச் செருகிக் கோப்புகளைப் படிக்கும் வசதி வந்தது. 2020-இல் மவுஸும் டிராக்பேடும் முறையாக வேலை செய்யத் தொடங்கின. 2025-இன் ஐபேட்ஓஎஸ் 26-இல் சாளரங்களை மடிக்கணினியில் போலவே நகர்த்தி, அளவு மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். மறுபுறம், மடிக்கணினிக்கு முழு மாற்று என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020-இன் மேக்புக் ஏரில் இருந்த அதே எம்1 சிப்தான் 2021-இன் ஐபேட் ப்ரோவிலும் இருந்தது. ஆயினும் மேக்கின் மென்பொருளில் ஒன்றைக்கூட அந்த ஐபேடில் நிறுவ முடியாது. வேகத்தில் குறையில்லை, எதை நிறுவலாம், பின்னணியில் எது ஓடலாம் என்ற இயங்குதளத்தின் விதிகளே எல்லையை வகுக்கின்றன. எனவே ஐபேடைச் சிப்பின் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

பிடிஎஃப் ஆவணத்தில் பேனாவால் திருத்தம் குறிப்பது, படம் வரைவது, கட்டடத் தளத்தில் நின்றபடி படிவம் நிரப்புவது, படுக்கையில் சாய்ந்து படிப்பது போன்றவற்றில் எந்த மடிக்கணினியும் டேப்லெட்டுக்கு ஈடாகாது என்று நான் நம்புகிறேன். பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் எழுத்தை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படிக்கும் நிம்மதியை அருகிலிருந்து பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

வீட்டில் பலர் பகிர்ந்துகொள்வதானால் கணக்கு மாறுகிறது. தனிநபர் வாங்கும் ஐபேடில் ஒரே ஒரு பயனருக்குத்தான் இடம். பகிர்வு முறை பள்ளிகளும் நிறுவனங்களும் நிர்வகிக்கும் கருவிகளுக்கு மட்டுமே உரியது. பாடக் காணொலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையின் திரையில் உங்கள் அலுவலக மின்னஞ்சல் அறிவிப்பு இறங்கும். சின்ன விரல் பட்டால் அது திறந்தும் கொள்ளும். பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளிலும், விண்டோஸ், மேக் மடிக்கணினிகளிலும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே கருவி என்றால், இந்த ஒரு வசதியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

மேக் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சிலவே. இன்டெல் சிப் கொண்ட மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26-தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டதால், பயன்படுத்திய இன்டெல் மேக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஆப்பிளின் சொந்த எம் வரிசைச் சிப் கொண்ட மேக்புக்குகளில் பின்னாளில் ரேமைக் கூட்ட முடியாது; வாங்கும் நாளில் எடுப்பதே இறுதி. எம்1, எம்2 மேக்புக் ஏரில் ஒரு வெளித்திரையை மட்டுமே நேரடியாக இணைக்க முடியும் என்பதை இரண்டு திரைகளில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாது.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில், எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்று தயாரிப்பாளர் உறுதியளித்திருக்கிறாரோ அதையே கருவியின் ஆயுளாகக் கொள்ளுங்கள். கூகுளின் குரோம்ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக், முழுக்க முழுக்க உலாவியிலேயே வேலை செய்பவர்களுக்கு ஏற்றது. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்தாண்டுப் புதுப்பிப்பு உண்டு, ஆனால் அந்தப் பத்தாண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் வெளியான காலத்திலிருந்தே எண்ணப்படுகிறது.

விலையை ஒப்பிடும்போது டேப்லெட்டின் விலையோடு விசைப்பலகை உறை, பேனா, சந்தா ஆகியவற்றையும் கூட்டுங்கள். 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் வேர்ட், எக்செல் செயலிகளில் கோப்பைத் திருத்த மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். உறையோடு சேர்த்து எடை பார்த்தால், சில டேப்லெட்டுகள் மெல்லிய மடிக்கணினியின் எடையைத் தொட்டுவிடுவதையும் காணலாம்.

கடைசியாக, உங்கள் கோப்புகளில் மிகக் கடினமான மூன்றைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, வாங்க நினைக்கும் கருவியிலேயே திறந்து, திருத்தி, பிடிஎஃபாக மாற்றிப் பாருங்கள். யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள் இருந்தால் அவற்றில் ஒன்றும் அந்த மூன்றில் இருக்கட்டும். எழுத்துருவை நிறுவ முடியாத கருவியில் அது பொருளற்ற குறிகளாகத்தான் தெரியும். பிறகு நாற்காலியில் அமர்ந்து, கருவியை மடியில் வைத்துப் பதினைந்து நிமிடம் தட்டச்சு செய்யுங்கள். மேசையில் உறுதியாக நிற்கும் டேப்லெட் மடியில் பின்புறத் தாங்கியோடு ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் உங்களுக்குப் பொறுக்கக்கூடியதா என்பதை வேறு யாரும் சொல்ல முடியாது.

வாங்கிய பின் பழைய கருவியை உடனே அழித்துவிடவோ கொடுத்துவிடவோ வேண்டாம். குறிப்பேட்டில் எழுதிய மாத வேலை ஒரு சுற்று முடியும் வரை அது அலமாரியில் இருக்கட்டும். அழிக்கும் நாளில், வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண் தரும் செயலியை முதலில் புதிய கருவிக்கு மாற்றி, அதைக் கொண்டு ஒவ்வொரு கணக்கிலும் ஒரு முறை உள்நுழைந்து பார்த்துவிடுங்கள். கட்டண மென்பொருள்களின் உரிமத்தைப் பழைய கருவியிலிருந்து விடுவித்த பிறகே அதைத் துடைத்தழியுங்கள்.