முகூர்த்தச் சேலைக்குப் பின்கொசுவம்: கட்டும் முறையும் தவறும் இடங்களும்

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் சீர் என்னும் சடங்கு ஒவ்வொன்றுக்கும் மணப்பெண் மணையில் உட்கார்ந்து எழவேண்டும். இணைச்சீரில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கும் இதே பாடுதான். அதனால் சேலை போட்டோவில் எப்படித் தெரியும் என்பதற்கு முன்னால், மணையில் எப்படி உட்காரும் என்று பாருங்கள். அம்மிச்சிமார் (பாட்டிமார்) கட்டிய பின்கொசுவம், அதாவது கொசுவத்தை முதுகுப் பக்கம் வைக்கும் கட்டு, இதற்கு நன்றாகப் பொருந்தும். முன்னால் கொசுவம் இல்லாததால் கால் தடுக்காது, சம்மணமிட்டாலும் வயிற்றில் மடிப்புக் குவியாது.

சேலை எடுக்கும்போதே இரண்டைக் கவனிக்கவேண்டும். கரை இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். இந்தக் கட்டில் கொசுவத்தின் தலை வெளியே விசிறியாக மடிந்து நிற்கும். ஒற்றைக்கரைச் சேலையில் அந்த விசிறி வெறுந்துணியாகத் தெரியும். விசிறியில் சேலையின் உள்பக்கமும் தெரியும் என்பதால், பின்புறம் ஜரிகை இழை தொங்கும் சேலையும் வேண்டாம். அடுத்தது கனம். ஒரு கிலோவைத் தொடும் முகூர்த்தப் பட்டு கொசுவத்தைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சிறுமுகை மென்பட்டு இதற்கு எவ்வளவோ மேல்.

உள்பாவாடை பருத்தியில் இருக்கட்டும். சாட்டின் வழுக்கும், பாதிக் கல்யாணத்தில் சேலை இறங்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பின்பக்கம் மடிக்கவேண்டியிருப்பதால் கட்டிவிட இன்னொருவர் வேண்டும்.

உள்தலைப்பை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகி, வலப்பக்கமாக முன்னால் கொண்டுவந்து, இடப்பக்கம் வழியாக மறுபடி முதுகுக்கே கொண்டுபோங்கள். ஒரு முழுச்சுற்று, சுமார் ஒரு மீட்டர் செலவாகும். இப்போது நடுமுதுகுக்கு நேரே கொசுவம் மடியுங்கள். ஒவ்வொரு மடிப்பும் நாலு விரல் அகலம். எட்டு மடிப்புக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் துணி போகும். மெல்லிய சேலை என்றால் பத்து வரை மடிக்கலாம். கனமான ஜரிகைக் கரையில் பத்து வைத்தால் இடுப்பில் கட்டைபோல முட்டும்.

மடித்த கொசுவம் இடுப்புக்கு மேலே நாலு விரல் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதன்மேல் பருத்தி நாடாவைச் சுற்றி, முன்னால் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். நாடா தளர்ந்தால் எல்லாம் போச்சு; ஊக்கு மட்டும் இந்தக் கனத்தைத் தாங்காது, பட்டையும் கிழிக்கும். பிறகு நீட்டிய தலையை நாடாவின்மேல் வெளிப்பக்கம் மடித்து விசிறியாக விரியுங்கள். மிச்சச் சேலையை வலப்பக்கமாக முன்னால் எடுத்து, மார்பைக் குறுக்காகக் கடந்து இடத்தோளில் போடுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் முந்தி இரண்டு மீட்டர் அளவுக்கு மிஞ்சும். அதைத் தொங்கவிடாமல் முதுகு வழியாகச் சுற்றி வலது இடுப்பில் செருகினால் கை இரண்டும் சீருக்கு ஒழியும். ஒட்டியாணம் போடுவதாக இருந்தால் விசிறிக்கு அடியில் போகட்டும்.

ஐந்தரை அடிக்கு மேல் உயரமான பெண்ணுக்கு விசிறியை இரண்டு விரலாகக் குறையுங்கள். இல்லையென்றால் பின்னால் கணுக்கால் தெரியும். மணையில் உட்காரும் முன் தோழி ஒருத்தி கொசுவத்தை இரண்டு பக்கமும் பிரித்துவிடவேண்டும். அதன்மேலேயே உட்கார்ந்தால் எழும்போது நாடாவோடு சேர்ந்து இறங்கும். முதல் நாளே ஒருமுறை கட்டி, பத்து தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்துவிடுங்கள்.

வழக்கத்தை விட்டு வெளியே வர விரும்பினால் பட்டே வேண்டும் என்றில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டால் விசிறி பட்டைவிட விறைப்பாக நிற்கும், வேர்வையையும் உறிஞ்சும். அம்மாவின் முகூர்த்தச் சேலையையே உடுத்துவது இன்னும் அழகு. ஆனால் பழைய பட்டு முதலில் மடிப்புக் கோட்டில்தான் விடும். விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கோட்டில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் உள்பக்கம் நெட் துணி வைத்துத் தைக்காமல் கட்டக்கூடாது. நாடா இறுகும் இடத்தில் அப்படியே பிளக்கும். லெஹங்கா வேண்டுமென்றால் வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அதன் உள்கூடு மணையில் மடங்காது.

மாப்பிள்ளைக்குச் சேலம் வெண்பட்டு வேட்டி, எட்டு முழம். உள்ளே பருத்தி நாலு முழத்தைக் கட்டி அதன்மேல் பட்டைக் கட்டினால் நழுவாது. உருமாலுக்கும் (தலைப்பாகைக்கும்) இதே கணக்கு: பட்டுத்துண்டு தலையில் வழுக்கும், அடியில் மெல்லிய பருத்தித் துணி ஒரு சுற்றுக் கட்டுங்கள்.

சென்ட்டைச் சேலை உடுத்தும் முன்பே உடம்பில் போட்டு உலரவிடுங்கள். ஜரிகையில் பட்டால் கறுக்கும். சந்தனம், மஞ்சள் கறை பட்டால் தேய்க்காமல், தண்ணீர் ஊற்றாமல், உலர்ந்தபின் தட்டி எடுத்து உலர்சலவைக்குக் கொடுங்கள். சேலையை நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றவேண்டும்.