உடற்கூறியல் படிக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சிங் முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் முகங்கள்தான் புதிது, தவறுகள் நாங்கள் படிக்கும்போது செய்த அதே தவறுகள். எழுத்துப் பிழை, படத்தில் பெயரை மாற்றிக் குறிப்பது எல்லாம் நாலு தேர்வு எழுதினால் தானாகச் சரியாகிவிடும். சரியாகாமல் வார்டு வரைக்கும் கூடவே வருகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

தமனி என்றால் சுத்த ரத்தம், சிரை என்றால் அசுத்த ரத்தம்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். சின்ன வகுப்பில் சுலபமாக இருக்கட்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தது, பிறகு பிடுங்க முடியாதபடி மனதில் வேரோடிவிடுகிறது. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துப் போவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை, அவ்வளவுதான். உள்ளே ஓடுகிற ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதற்கும் இந்தப் பிரிவுக்கும் சம்பந்தமே இல்லை. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்; நுரையீரல் சிரைகள் கொண்டுவருவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். இதை விதிவிலக்கு என்று தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். விதியே தப்பாக இருக்கும்போது விலக்கு எங்கிருந்து வரும்?

ஒரு மதிப்பெண் போவதோடு முடிந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். காலின் ஆழத்தில் உள்ள சிரையில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்தால் எங்கே போய் அடைக்கும் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு மாணவியிடம் கேட்டேன். நன்றாகப் படிக்கிற பெண். பெருஞ்சிரை, வலது ஏட்ரியம் (இதயத்தின் மேலறை), வலது வெண்ட்ரிக்கிள் (கீழறை) என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள். "சிரையில் இருந்த கட்டி எப்படி சார் தமனிக்குள் போகும்?" என்றாள். போகும்மா, நுரையீரல் தமனிக்குள்தான் போகும், ஆளையே கொல்லும். அறுவை சிகிச்சை முடிந்து படுத்தே கிடக்கிறவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கினால் காலையும் பார்க்கத் தோன்ற வேண்டும். இந்தப் பாதை மனதில் அறுந்து கிடந்தால் அது தோன்றாது. தொப்புள்கொடி பாடம் வந்ததும் இதே குழப்பம் மறுபடி வரும். அதில் பொதுவாக இரண்டு தமனி, ஒரு சிரை; நஞ்சுக்கொடியிலிருந்து (பிளாசென்டா) குழந்தைக்கு ஆக்சிஜன் எடுத்துவருவது அந்தச் சிரைதான்.

படங்களில் சிரைக்கு நீல வண்ணம் அடிப்பது அடையாளத்துக்காக மட்டுமே. ஊசி போட்டு எடுத்துப் பாருங்கள், கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும்.

கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்குங்கள், மேலே இருக்கும் குழாய்களை ஒட்ட நறுக்காமல் விடச் சொல்லுங்கள். நெடுக்காகப் பிளந்தால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடித்தும் வலது பக்கத்துச் சுவர் மெல்லியதாகவும் இருப்பது கைக்கே தெரியும். அப்புறம் வலது வெண்ட்ரிக்கிளுக்குள் விரலை விட்டு மேலே தள்ளுங்கள், விரல் வெளியே வருகிற குழாய்தான் நுரையீரல் தமனி. பக்கத்திலேயே மகாதமனி, வெட்டிய பிறகும் வாய் திறந்து வட்டமாக நிற்கும். சிரைகள் துவண்டு ஒட்டிக்கொள்ளும். தமனிச் சுவர் அழுத்தத்தைத் தாங்கக் கட்டப்பட்டது என்பதை இதைவிட நன்றாக எந்தப் படமும் காட்டாது.

எல்லாச் செல்லிலும் உட்கரு உண்டு என்பது

முதிர்ந்த சிவப்பணுவில் கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. ஏறத்தாழ 120 நாள் ஆயுள், தனக்கு வேண்டிய ஏடிபியை (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) சைட்டோபிளாசத்தில் குளுக்கோஸைச் சிதைத்தே எடுத்துக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம் என்ற ஒரே வரியோடு நிற்கிறவர்களுக்கு, அது இல்லாத செல் எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்வியே வருவதில்லை.

இடது, வலது

படத்தில் பார்க்கிற உங்கள் இடது அல்ல, நோயாளியின் இடது. எப்போதும்.

குரோமோசோமை எண்ணுவது

இழைகளை எண்ணாதீர்கள், அவை ஒட்டியிருக்கும் இடமான சென்ட்ரோமியரை எண்ணுங்கள். மனிதச் செல்லில் டிஎன்ஏ இரட்டிப்பான பிறகும் 46 குரோமோசோம்தான், 92 என்பது குரோமாட்டிட், அதாவது ஒவ்வொரு குரோமோசோமிலும் இருக்கும் இரண்டு நகல் இழைகளின் எண்ணிக்கை.

எலும்பை உயிரற்றதாக நினைப்பது

ஆய்வகத்தில் காய்ந்த எலும்பை வைத்தே படிப்பதால் வருவது. உள்ளே செல்கள் இருக்கின்றன, நரம்பு இருக்கிறது, ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. தொடை எலும்பு முறிந்து வருகிறவருக்கு வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இறங்கியிருக்கலாம். காயம் இல்லையே என்று அவரை வரிசையில் உட்கார வைக்காதீர்கள், முதலில் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள்.