பிரிந்தபின் பிள்ளைக்கு வரவேண்டிய பணம்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்கள் அறியவேண்டியவை

கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டால், பிள்ளைகளுக்கு மாதந்தோறும் கொடுக்கவேண்டிய பணத்தை உறவினர் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்வது எங்களிடையே வழக்கம். மாமாவோ பெரியப்பாவோ ஒரு தொகையைச் சொல்ல, இரு தரப்பும் சம்மதித்துப் போவார்கள். சில மாதங்கள் பணம் வரும், பிறகு நின்றுவிடும். நிலுவையைக் கேட்கப் போகும் தாயிடம் அப்போது காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. பெரியவர்களின் நல்லெண்ணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பணம் நின்ற மாதத்தில் அந்த நல்லெண்ணத்தால் வாடகை கட்டமுடியாது.

ஆகவே நீதிமன்றக் கட்டளை ஒன்றைப் பெறுங்கள். அல்லது இருவரும் சாட்சியின் முன் கையொப்பமிட்ட பிரிவு ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். தொகையைப் பற்றிப் பேரம் பேசவேண்டிய தேவை பெரும்பாலும் இராது, ஏனெனில் 1997 முதல் நடைமுறையில் உள்ள, பிள்ளைக்கான பணம் பற்றிய கனடாக் கூட்டாட்சி அரசின் வழிகாட்டு விதிகளின் அட்டவணையில், பணம் கொடுப்பவரின் வரிக்கு முந்தைய ஆண்டு வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்து மாதத் தொகையைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைப் பராமரிப்பு நிலையக் கட்டணம் போன்ற சிறப்புச் செலவுகளை இருவரும் தத்தம் வருமானத்துக்கேற்பப் பகிர்ந்துகொள்வதே பொதுவான முறை. சட்டப்படி திருமணம் செய்யாத பெற்றோருக்கும் இந்தக் கடமை உண்டு.

ஒன்ராறியோ நீதிமன்றம் இடும் பராமரிப்புக் கட்டளை, அதாவது இந்தப் பணத்தைக் கொடுக்கச் சொல்லும் கட்டளை எதுவும், அப்பணத்தை வசூலித்துக் கொடுக்கும் மாகாண அரசின் குடும்பப் பொறுப்பு அலுவலகத்துக்குத் தானாகவே அனுப்பப்படும். எங்களவர் இதை எஃப்.ஆர்.ஓ. என்பார்கள். ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் பதிந்தவர்கள் அதை இந்த அலுவலகத்துக்குத் தாங்களே அனுப்பவேண்டும். அலுவலகம் தொகையைச் சம்பளத்திலேயே கழித்து அனுப்புமாறு வேலைகொடுப்பவருக்கு அறிவிக்கும். இதை அவமானமாக எண்ணுகிறவர்கள் உண்டு. உண்மையில் இது சம்பளத்தில் வரி கழிப்பதைப் போன்ற ஓர் ஏற்பாடுதான்.

பணம் நிலுவையானால் இந்த அலுவலகத்தின் அதிகாரம் பெரியது. நிகரச் சம்பளத்தில் பாதி வரை பிடிக்கலாம், வருமான வரி மீளளிப்பையும் வேலையிழப்புக் காப்புறுதிப் பணத்தையும் மறித்துக்கொள்ளலாம், வங்கிக் கணக்கில் கைவைக்கலாம், வீட்டின் மீது பற்றுரிமை (கடனுக்கு ஈடான உரிமை) பதியலாம், கடவுச்சீட்டை முடக்கச் செய்யலாம். சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துவதற்கு முன் ஓர் அறிவித்தல் வரும். அதன்பின் 30 நாட்களுக்குள் பணத்தைக் கட்டவோ தவணை முறைக்கு உடன்படவோ வேண்டும். டாக்ஸியோ டிரக்கோ ஓட்டிப் பிழைப்பவர் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் ஒதுக்கிவைப்பது தன் வயிற்றிலேயே அடித்துக்கொள்வதாகும். கடைசிப் படியாக, நீதிமன்றம் 180 நாட்கள் வரை சிறைத்தண்டனையும் விதிக்கலாம். நீதிமன்றக் கட்டளைப்படி கொடுக்கவேண்டிய பராமரிப்புப் பணம் நிலுவையில் இருப்பவர், ஊரிலிருந்து பெற்றோரையோ புதிய துணையையோ பொறுப்பேற்று (ஸ்பொன்சர் செய்து) கனடாவுக்கு அழைக்கத் தகுதியற்றவர் என்பதும் எங்களவர் பலருக்குத் தெரியாத செய்தி.

பணம் கொடுக்கும் தந்தையருக்கும் சொல்லவேண்டியது உண்டு. வேலை போய்விட்டால் பணத்தைச் சும்மா நிறுத்திவிடாதீர்கள். தொகையைக் குறைக்கும் அதிகாரம் எஃப்.ஆர்.ஓ.வுக்கு இல்லை, நீதிமன்றத்தில் கட்டளையை மாற்றக் கோரும் மனுவைத் தாக்கல் செய்யவேண்டும், வருமான ஆவணங்களை ஒளிக்காமல் கொடுக்கவேண்டும். காலம் தாழ்த்தினால் நிலுவை வளர்ந்துகொண்டே போகும்; திவால் அறிவித்தாலும் அது அழியாது. கோயில் வாசலில் கையில் கொடுத்த காசுக்கும் சாட்சி இராது. உங்கள் கொடுப்பனவை எஃப்.ஆர்.ஓ. கையாளும்போது அதன் வழியாகவே செலுத்துங்கள். தவிர்க்கமுடியாமல் நேரே கொடுத்தால் வங்கிப் பரிமாற்றமாகக் கொடுத்து, பெற்றவரிடம் எழுத்தில் உறுதி வாங்கிவையுங்கள்.

பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் மறைப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இங்கே நீதிமன்றத்தில் எடுபடாது. சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது, ஏனெனில் பணம் பிள்ளையின் உரிமை. அதேபோல, கணவர் பொறுப்பேற்று அழைத்த நிரந்தர வதிவிடப் பெண், பிரிந்தால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சிப் பணத்தைக் கேட்காமல் இருக்கத் தேவையில்லை. இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழவேண்டும் என்ற நிபந்தனை 2017ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் குடும்ப நீதிமன்றங்களில் உள்ள குடும்பச் சட்டத் தகவல் நிலையத்தில் தொடங்கலாம்; படிவங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி வழங்கும் லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முதலிலேயே கேளுங்கள். ஆங்கிலம் தெரியும் என்பதற்காக, யாருக்காக இந்த வழக்கோ அந்தப் பிள்ளையையே தொலைபேசியில் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.