கரடி காடியாகும் இடம்: மின்னூல் மெய்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவர்கள் என்றால் பார்வையற்றவர்கள் மட்டும் அல்ல. டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள், கையில் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்ட முடியாதவர்களும் இதில் சேர்த்தி. இவர்களுக்காக ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) மூலம் எழுத்தாக்கிய நூலைத் திருத்துவது, பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பது போன்ற வேலை இல்லை. அது தெரியாமல் உட்கார்ந்தால் சறுக்கல்தான்.

முதல் தவறு, கண்ணை மட்டும் நம்புவது. ரகரமும் துணைக்காலும் ஏறக்குறைய ஒரே உருவம். "காட்டுக்குள்ளிருந்து ஒரு காடி ஓடி வந்தது" என்று கோப்பில் இருந்தால், நம் கண் அதைக் கரடி என்றே படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இவர்களுக்குப் படித்துக் காட்டும் கணினிக் குரல் அந்தச் சலுகையைத் தராது. காடியும் அகராதியில் உள்ள சொல் என்பதால் சொல்திருத்தியும் வாய் திறக்காது. ஔவையார் பாடு இன்னும் மோசம். 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்துகள் வந்திருந்தால் திரையில் வித்தியாசமே தெரியாது. கேட்பவருக்கு மட்டும் 'ஒ-ள-வையார்'. பிரெய்லிலும் அதே பிழைதான் ஏறும். ஆகவே ஒரு முறையாவது ஸ்கிரீன் ரீடரில், அதாவது திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளில், ஓடவிட்டுக் கேளுங்கள். முழுவதும் கேட்க நேரமில்லையா, சரி, 'ஒள' என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை மட்டும் தொடாதீர்கள். ஒளி, ஒளிந்தான் எல்லாம் சேர்ந்து கெடும்.

தமிழ் அச்சில் வரி முடிவில் சொல்லை இணைப்புக்குறி இல்லாமலே உடைப்பதுண்டு. அதனால் "பார்த்துக்கொண் டிருந்தாள்" என்று நடுவில் இடைவெளி விழும். இவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

ஆனால் திருத்தும் கை அதற்கு மேல் நீளக் கூடாது. நூலில் 'சந்தோஷம்' என்று இருந்தால் 'மகிழ்ச்சி' ஆக்க நமக்கு உரிமை இல்லை. மூல நூலிலேயே ஒற்று விட்டுப்போயிருந்தால், அப்படியே இருக்கட்டும். அச்சில் படிப்பவருக்குக் கிடைக்கும் அதே புத்தகம் இவருக்கும் கிடைக்க வேண்டும். இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

அடுத்தது, அமைப்பு. பக்கத் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் நூலின் பெயரை நீக்காவிட்டால், வாக்கியத்தின் நடுவே அது திடீரென்று ஒலிக்கும். அந்த வேகத்தில் பக்க எண்களையும் அழித்துவிடுவார்கள் சிலர். வகுப்பில் "47-ஆம் பக்கம் எடுங்கள்" என்றால் அந்த மாணவர் எங்கே போவார்? அத்தியாயத் தலைப்பைப் பெரிதாக, தடிமனாக ஆக்கினால் போதாது. மென்பொருளில் உள்ள தலைப்புக்குரிய பாணியை (ஹெடிங் ஸ்டைல்) கொடுக்க வேண்டும். என்விடிஏ, ஜாஸ் போன்ற ஸ்கிரீன் ரீடர்களில் 'எச்' விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவதற்கு அதுதான் வழி.

ஆண்டுகளையும் தொகைகளையும் ஸ்கேனோடு ஒப்பிடுங்கள். 1938 என்பது 1988 ஆனால் எந்தக் கருவியும் எச்சரிக்காது.

வேலை முடிந்ததும் கோப்பை நண்பர்களுக்கெல்லாம் அனுப்புவதும் தவறு. 2013-இல் ஏற்கப்பட்ட மராக்கேஷ் ஒப்பந்தம் என்ற சர்வதேச உடன்படிக்கை, பதிப்புரிமையாளரின் அனுமதியின்றிப் பிரதி உருவாக்க வழி செய்தது இந்த வாசகர்களுக்காகத்தான், எல்லோருக்குமாக அல்ல.

கடைசியாக, ஊகம். மங்கிய வரியைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அழகான வாக்கியம் ஒன்று வரும். அது புத்தகத்தில் இருந்த வாக்கியமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் 'எழுத்து அழிந்துள்ளது' என்று போட்டு, பக்க எண்ணைக் குறித்து வையுங்கள். வேறு பிரதி கிடைக்கும்போது நிரப்பலாம்.